51 கிரவுண்டும் ஒரு காவும்

புலியூர்குறிச்சியில் இருக்கும் உதயகிரிக் கோட்டைக்கு ஒன்பதாம் வகுப்பைக் களப்பயணம் அழைத்துச் சென்றிருந்தேன். நான் சமூக அறிவியல் ஆசிரியை. கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பணிபுரிகிறேன். 1741இல் நடந்த குளச்சல் போர், மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டுப் பிறகு அவருடைய படைத்தலைவராகவே ஆகிவிட்ட டிலனாய், கோட்டைக்குள் இருந்த பீரங்கி வார்ப்புச் சாலை, 1777இல் இறந்த டிலனாயின் கல்லறை என்று என்னுடைய பாடம் தயாராக இருந்தது. கல்லறையின் முன் நின்று பத்து நிமிடம் பேசினேன். பிள்ளைகள் கேட்டுக்கொண்டார்கள்.

கோட்டையின் உட்பகுதி இப்போது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. வெயில் தரையில் விழாத அளவுக்கு மரங்கள் அடர்ந்திருக்கும். சாப்பாட்டுக்காக மரநிழலில் உட்கார்ந்தபோது, எங்கள் பள்ளிக் கால்பந்து அணியின் கோல் காப்பாளன் கேட்டான்: "டீச்சர், இது எத்தன ஏக்கரு?" ஏறத்தாழ 90 ஏக்கர் என்றேன். கொஞ்ச நேரம் தரையில் குச்சியால் கணக்குப் போட்டுவிட்டு, "இதுல எத்தன கிரவுண்டு போடலாம் தெரியுமா!" என்றான். (சென்னைப் பக்கத்து ஆசிரியர்கள் இதை மனைக்கணக்கு என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் ஊரில் கிரவுண்டு என்றால் விளையாட்டுத் திடல் மட்டுமே.)

வகுப்பில் அவனைக் 'கோலி' என்பார்கள். கிரிக்கெட் வீரர் கோலி அல்ல, கோல் காப்பதால் வந்த பெயர். அவனுடைய தாய்வீட்டு வழி தூத்தூர்ப் பக்கம். அந்தக் கடற்கரையில் நடக்கப் பழகியதும் கால்பந்து பழகிவிடுவார்கள். அவன் குறும்புக்காக அப்படிக் கேட்கவில்லை. விளையாட இடமில்லாதவன் அவ்வளவு பெரிய இடத்தைப் பார்த்ததும் மனத்தில் தோன்றியதைச் சொன்னான்.

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. அதற்கு முந்தைய மாதம் நடந்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், பள்ளிக்குப் பின்னால் இருக்கும் காவைச் சுத்தம் செய்து மைதானம் ஆக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. "சும்மாதானே கெடக்கு" என்றார் ஒருவர். தலையாட்டியவர்களில் நானும் ஒருத்தி.

பிற மாவட்டங்களில் கோயில்காடு என்பதை நாங்கள் காவு என்கிறோம். நாகர் கல்லோ, சாஸ்தாவோ, இசக்கியோ இருக்கும் இடத்தைச் சுற்றி வெட்டாமல் விட்ட மரக்கூட்டம் அது. எங்கள் காவு 140 சென்ட். இலுப்பை, புன்னை, ஏழிலைப்பாலை, காஞ்சிரம், அயனி என்று மரங்களும், அவற்றின்மேல் பெயர் தெரியாத கொடிகளும். பதினோரு ஆண்டுகளாக அதன் ஓரமாக நடந்து பள்ளிக்கு வருகிறேன். உள்ளே போனதே இல்லை.

கோலியின் கேள்வியை அப்படியே எடுத்துக்கொண்டு மூன்று வாரத்துக்கு ஒரு செயல்திட்டம் செய்தோம். கணக்கு ஆசிரியரும் அறிவியல் ஆசிரியையும் சேர்ந்துகொண்டார்கள். வளரறி மதிப்பீட்டுக்கு எப்படியும் ஒரு செயல்பாடு வேண்டியிருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

முதல் வாரம்: கணக்கு

பன்னாட்டுப் போட்டிகளுக்கான கால்பந்துத் திடல் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். பரப்பு 7,140 சதுர மீட்டர். ஒரு சென்ட் என்பது 40.47 சதுர மீட்டர். ஆக, ஒரு திடலுக்கு 176 சென்ட் வேண்டும். உதயகிரியின் 90 ஏக்கரை இதனால் வகுத்தால் 51 வருகிறது. கோட்டைக்குள் ஒரு குன்றும் இருப்பதை மறந்துவிட்டால், கோலியின் கணக்கு சரி.

எங்கள் காவு 140 சென்ட்தான். எல்லா மரங்களையும் வெட்டினாலும் முழு அளவுத் திடல் அதில் அடங்காது. கூட்டத்தில் தலையாட்டிய யாரும் இந்த வகுத்தலைப் போட்டுப் பார்க்கவில்லை. பாடம் முடிந்துவிட்டது என்று எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அது ஒரு நிமிடம்கூட நிலைக்கவில்லை.

"டீச்சர், நாங்க லெவன்ஸ் கேக்கலியே. செவன்ஸ் ஆடத்தானே கேக்கோம்."

குமரி மாவட்டத்தில் ஊர்த் திருவிழாப் போட்டிகள் பெரும்பாலும் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ்தான். அதற்கு அளவில் அவ்வளவு கறார் கிடையாது. 60க்கு 40 மீட்டர் கிடைத்தால் நன்றாகவே ஆடலாம். 2,400 சதுர மீட்டர், அதாவது 59 சென்ட். "காவுல பாதிகூட வேண்டாம் டீச்சர்" என்றான். வகுப்பே கைதட்டியது. நியாயமான வாதம்தான். அதை அங்கேயே மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. இல்லை என்றே சொன்னேன்.

மற்ற விளையாட்டுகளின் அளவுகளையும் அன்றே எழுதவைத்தோம். கோ-கோ 27க்கு 16 மீட்டர், கைப்பந்து 18க்கு 9, ஆண்கள் கபடி 13க்கு 10. கோ-கோ திடலுக்கு 11 சென்ட்டே போதும் என்று கண்டுபிடித்தது பெண்கள் குழு. இது பின்னால் பயன்பட்டது.

இரண்டாம் வாரம்: உள்ளே போனோம்

காவுக்குள் நுழைவதற்கு முன்பே ஒரு சிக்கல். களப்பணி என்றால் மூடிய காலணி கட்டாயம். பாம்பும் முள்ளும் உள்ள இடம். ஆனால் நாகர் இருக்கும் இடத்தில் செருப்புடன் போவது வழக்கம் இல்லை. காவுக்கு விளக்கு வைக்கும் பெரியவரிடம் போய், "பாட்டா, பிள்ளைங்க உள்ள வந்து மரத்த எண்ணணும், என்ன செய்யலாம்?" என்று கேட்டேன். "எண்ணுங்க மக்கா, அதுக்கென்ன? நாகரு இருக்க தரைக்கிட்ட மட்டும் செருப்போட போவப்பிடாது" என்றார். எங்கிருந்து எங்குவரை என்று அவரே நடந்து காட்டினார். அந்தப் பகுதியைக் கயிறு கட்டி விலக்கிவிட்டு மற்ற இடங்களில் மட்டும் வேலை செய்தோம். வகுப்பில் எல்லா மதப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கும்பிடுகிறவர்களுக்கு அது நாகர் இடம், மற்றவர்களுக்கு அது பாட்டா கேட்டுக்கொண்ட இடம். அதைத் தாண்டி விளக்கம் தேவைப்படவில்லை.

பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் சதுரமாகக் கயிறு கட்டி, அதற்குள் இருக்கும் மரங்களை எண்ணினோம். தரையிலிருந்து 130 சென்டிமீட்டர் உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவை அளக்க வேண்டும். தையல் நாடா போதவில்லை. ஓர் இலுப்பையைச் சணல் கயிற்றால் சுற்றி, பிறகு கயிற்றை அளந்தார்கள். "இதுக்கு எத்தன வயசு?" என்ற கேள்வி வந்தது. சுற்றளவை வைத்து வயதைச் சொல்லும் சூத்திரங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றில் பல குளிர்நாட்டு மரங்களுக்கானவை, நம் மரங்களுக்கு அப்படியே பொருந்தா என்று சொல்லி, அந்தக் கட்டத்தைக் காலியாகவே விடச் சொன்னேன். அதற்குப் பதிலாக, "உங்க சின்ன வயசுல இது எப்படி இருந்துச்சு?" என்று பாட்டாவிடம் கேட்டு வந்தார்கள். "இப்படியேதான்" என்றாராம்.

பெயர் தெரியாத செடிகளுக்கு அ1, அ2 என்று எண் கொடுத்து, இலையின் வடிவத்தைக் காகிதத்தில் வரைந்துகொண்டோம். எதையும் பறிக்கவில்லை. செண்பகத்தையும் குக்குறுவானையும் குரலை வைத்தே சொல்லும் ஒரு மாணவி வகுப்பில் இருந்தது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. எழுத்துத் தேர்வில் எப்போதும் பின்தங்கும் பிள்ளை அவள். அந்த வாரம் முழுவதும் எல்லாக் குழுக்களும் அவளைத் தேடி வந்தன.

தண்ணீர்ச் சோதனை எல்லாப் பள்ளியிலும் செய்யக்கூடியது. பால்பவுடர் டின்னின் இரண்டு பக்கமும் திறந்து, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண்ணில் இறக்கி, ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, வற்றும் நேரத்தைக் குறிக்க வேண்டும். ஒன்றைப் பள்ளி முற்றத்தில் இறக்கினோம், மற்றொன்றைக் காவுக்குள். பல ஆண்டுகள் மிதிபட்டு இறுகிய முற்றத்தில், 40 நிமிடப் பாடவேளை முடிந்தும் டின்னில் தண்ணீர் நின்றது. காவில், நேரம் குறிக்க வேண்டியவன் பேனாவைத் தேடி எடுப்பதற்குள் வற்றிவிட்டது. நம்பாமல் மூன்று இடங்களில் செய்து பார்த்தார்கள்.

இதைக் கணக்கோடு சேர்த்தோம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 59 சென்ட் செவன்ஸ் திடலில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 24,000 லிட்டர். இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் நம்முடையது. அந்த 24,000 லிட்டர் மண்ணுக்குள் போகுமா, தெருவில் ஓடுமா?

காவை ஒட்டிய கிணறு கோடையிலும் வற்றுவதில்லை, ஆகவே காவுதான் காரணம் என்று ஒரு குழு அறிக்கையில் எழுதியது. அதை அடிக்கச் சொன்னேன். இரண்டு கிணறுகளைப் பார்த்துவிட்டு அப்படி முடிவு சொல்ல முடியாது. காவு பள்ளமான இடத்தில் இருப்பதும் காரணமாக இருக்கலாம். அவர்களுக்கு வருத்தம். நம் பக்கத்து வாதத்தையும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதை இதைவிட நல்ல இடத்தில் சொல்ல வாய்ப்புக் கிடைக்காது.

கோலியின் 'பாதிகூட வேண்டாம்' என்ற வாதத்துக்கு வருகிறேன். காவின் ஓரத்தில் இருந்து உள்ளே நடந்தபடி, தரையில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு மீட்டருக்கும் எழுதிக்கொண்டு போனார்கள். ஓரத்தில் உண்ணிச்செடியும் தொட்டாற்சுருங்கியும் காய்ந்த இலையும். போகப்போக அவை குறைந்து, ஏறத்தாழ 15 மீட்டரில் மறைந்துவிட்டன. அதற்கு அப்பால்தான் ஈர இலைமக்கு, பாசி, காளான், நத்தை. வெயிலும் காற்றும் பக்கவாட்டில் புகுவதால் காட்டின் ஓரம் வேறு, உள் வேறு.

இதைக் கணக்கு ஆசிரியர் கரும்பலகையில் போட்டார். காவை 75 மீட்டர் பக்கமுள்ள சதுரமாக வைத்துக்கொள்வோம். நான்கு பக்கமும் 15 மீட்டர் ஓரத்தைக் கழித்தால் உட்காடு 45க்கு 45, அதாவது 2,025 சதுர மீட்டர், 50 சென்ட். இப்போது ஒரு பக்கமாக 40 மீட்டர் அகலத்தைத் திடலுக்கு எடுப்போம். மிச்சம் 75க்கு 35. அதிலும் நான்கு பக்க ஓரத்தைக் கழித்தால் 45க்கு 5. வெறும் 225 சதுர மீட்டர்.

வெளியில் இருந்து பார்ப்பவருக்குக் காவில் ஏறக்குறைய பாதி மீதமிருப்பதாகத் தெரியும். உட்காடோ ஒன்பதில் ஒரு பங்கு ஆகிவிடும். கோலி எழுந்து வந்து கழித்தலைத் தானே ஒருமுறை போட்டுப் பார்த்தான். எதுவும் சொல்லாமல் போய் உட்கார்ந்தான்.

மூன்றாம் வாரம்: மற்ற ஊர்களில் என்ன நடந்தது

இங்கேதான் என் பாடம் வருகிறது. பெங்களூரு நகரின் நடுவே கண்டீரவா விளையாட்டரங்கம் இருக்கிறது. அது ஒரு காலத்தில் சம்பங்கி ஏரி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த ஏரித் தண்ணீரை நம்பிச் சுற்றிலும் தோட்டக்காரர்கள் காய்கறி விளைவித்தார்கள். செங்கல் அறுத்தார்கள், ஆடுமாடு மேய்த்தார்கள். திகளர் என்று அழைக்கப்படும், தமிழ் வேர் கொண்ட தோட்டக்காரச் சமூகத்தாருக்கும் அந்த ஏரியோடு நெருங்கிய உறவு உண்டு. 1890களில் ஹெசரகட்டாவில் இருந்து நகருக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது. குழாய் வந்ததும் ஏரி தேவையற்றதாக, கொசு உற்பத்தியாகும் இடமாகத் தெரியத் தொடங்கியது. தோட்டக்காரர்கள் ஏரி நிறைந்திருக்க வேண்டும் என்றார்கள். போலோ ஆடியவர்களுக்கு அது காய்ந்த தரையாக வேண்டியிருந்தது. ஆட்டக்காரர்களின் விருப்பமே நிறைவேறியது. ஏரி சிறிது சிறிதாக மைதானமாகி, பிறகு விளையாட்டரங்கம் ஆனது. இன்று அங்கே மீதி இருப்பது கரகத் திருவிழாவின் சடங்குக்காக விட்டுவைத்த ஒரு சிறு குளம் மட்டும். ஹரிணி நாகேந்திராவும் அவருடைய சக ஆய்வாளர்களும் இந்த ஏரியின் கதையைப் பழைய வரைபடங்களையும் ஆவணங்களையும் கொண்டு விரிவாக எழுதியிருக்கிறார்கள்.

வகுப்பில் இதைச் சொன்னபோது பிள்ளைகள் பிடித்துக்கொண்டது போலோவை அல்ல, அந்தச் சிறு குளத்தை. "சாமிக்குன்னு சொன்னதால அதாவது மிஞ்சிச்சு" என்றாள் ஒரு மாணவி. எங்கள் காவிலும் நாகர் கல்லைச் சுற்றி நாலு மரத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுக்கலாம் என்று கூட்டத்தில் ஒருவர் சொல்லியிருந்தார். அதை நான் வகுப்பில் சொல்லியிருக்கவில்லை.

டெல்லி சிரி ஃபோர்ட்டில் நடந்தது இன்னும் அண்மையது. 2010 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிக்காக, அங்கிருந்த மரக்கூட்டத்தின் ஒரு பகுதியை வெட்டி பாட்மின்டன், ஸ்குவாஷ் அரங்கம் கட்டினார்கள். சுற்றுப்புறத்தில் வசித்தவர்கள் வழக்குத் தொடுத்து உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா பார்வையிட நியமிக்கப்பட்டார். ஆனால் அதற்குள் மரங்கள் போய்விட்டிருந்தன. போட்டியும் அங்கேயே நடந்தது. எந்தக் கட்டத்தில் கேட்டால் கேள்விக்குப் பயன் இருக்கும் என்பதற்கு இந்தக் கதை போதும்.

எதிர்த் திசையிலும் ஓர் உதாரணம் வேண்டும் என்று தேடினோம். சென்னை கிண்டியில் குதிரைப் பந்தய மைதானமாக இருந்த அரசு நிலத்தை 2024 செப்டம்பரில் அரசு மீட்டெடுத்து, அதில் 118 ஏக்கரைப் பசுமைப் பூங்காவுக்காகத் தோட்டக்கலைத் துறைக்கு ஒதுக்கியது. மழைநீர் தேங்கக் குளங்களும் அங்கே வெட்டப்பட்டன. நகரம் தன் திடல் ஒன்றைத் திரும்ப மண்ணுக்குக் கொடுக்கிறது. உதயகிரியும் ஒரு வகையில் அப்படித்தான். படைமுகாமாகவும் பீரங்கிச் சாலையாகவும் இருந்த இடம் இன்று பூங்கா.

விவாதம்

உடற்கல்வி ஆசிரியரை விவாதத்துக்கு அழைத்தேன். அவர் பேசியதைச் சுருக்காமல் எழுதுவதுதான் நியாயம். "மரம் வேண்டாம்னு நான் சொல்லல. ஆனா இந்தப் பிள்ளைங்க ரோட்டு ஓரத்துல ஓடிப் பழகுது. பெண் பிள்ளைங்க கோ-கோ டீம் மழை பெஞ்சா ஒரு மாசம் பயிற்சி இல்லாம உக்காருது. வட்டார அளவுல போட்டிக்குப் போனா மண்ணப் பாத்து மெரளுது. காவு நூறு வருசம் இருக்கும், இந்தப் பிள்ளைங்களுக்கு ஒம்பதாங் கிளாஸ் ஒரு வருசந்தான்." வகுப்பு அமைதியாகிவிட்டது. தமிழ்நாட்டில் சட்டமன்றத் தொகுதிதோறும் சிறு விளையாட்டரங்கம் அமைக்கும் திட்டம் வந்திருப்பதும் இந்தத் தேவையால்தான். காட்டைக் காக்கப் பேசுகிறவர்கள் இந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும்.

அதன்பின் ஒரு மாணவி கேட்டாள்: "சார், கிரவுண்டு வந்தா எங்களுக்கும் தருவாங்களா? இப்ப முற்றத்துல பாய்ஸ் ஆடி முடிச்சபெறகுதான் எங்களுக்கு." யாரும் எதிர்பார்க்காத திசை. முற்றத்தை யார், எந்த நேரத்தில் பயன்படுத்துகிறார்கள் என்று ஒரு வாரம் குறித்துப் பார்க்க முடிவாயிற்று. குறித்ததும், இடத்தைவிட நேரப் பங்கீடுதான் முதலில் சரிசெய்ய வேண்டியது என்று தெரிந்தது.

"வெட்டினா பத்து மடங்கு மரம் நட்டுக்கலாமே" என்ற வாதமும் வந்தது. அதற்கு ஒரு குழு, முந்தைய ஆண்டுகளில் பள்ளியில் நட்ட கன்றுகளைத் தேடிப் போனது. விரல்விட்டு எண்ணும் அளவுக்கே உயிரோடு இருந்தன. ஒவ்வொரு நடுவிழாவிலும் நான் எடுத்த புகைப்படங்கள் என் கைப்பேசியில் இன்னும் இருக்கின்றன. கூண்டு வைத்ததும் தண்ணீர் ஊற்றியதும் யார் பொறுப்பு என்று எந்தப் படத்திலும் இல்லை.

ஆவணங்களைப் பார்ப்பதும் பாடத்தில் சேர்ந்தது. கிராம நிர்வாக அலுவலரிடம் அனுமதி பெற்று, நிலப் பதிவேட்டில் காவு எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று பார்த்தார்கள். புல எண், பரப்பு, புறம்போக்கு. அவ்வளவுதான். இலுப்பைக்கும் நத்தைக்கும் அதில் கலம் கிடையாது. புறம்போக்கு என்றால் தனியாருக்குப் பட்டா இல்லாத நிலம் என்றுதான் பொருள், காலி நிலம் என்று பொருள் அல்ல. 'சும்மா கெடக்கு' என்ற பேச்சு இந்த இரண்டையும் ஒன்றாக்குவதில் இருந்துதான் பிறக்கிறது.

காலியல்ல என்பதைப் பதிவு செய்யவும் வழி இருக்கிறது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி உள்ளாட்சி அளவில் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் உண்டு. எங்கள் பிள்ளைகளின் பட்டியலை, அ1, அ2 உட்பட, அந்தப் பதிவேட்டில் சேர்க்கக் கோரி ஊராட்சிக்குக் கொடுத்தோம். அதே சட்டம் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலங்களை அறிவிக்கவும் இடம் தருகிறது. 2022இல் மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி தமிழ்நாட்டின் முதல் தலமானது. 2025இல் திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் ஒரு கோயில்காடு அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு 4.97 ஹெக்டேர், அதாவது 12 ஏக்கருக்குச் சற்று மேல். கோயில்காடு என்ற சொல் அரசாணைக்குள் வந்துவிட்டது என்று சொன்னபோது, பாட்டாவுக்கு அதை முதலில் சொல்வது யார் என்று போட்டி.

செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்குச் சில வார்த்தைகள். தலைமை ஆசிரியர் அனுமதி, பெற்றோர் ஒப்புதல், முதலுதவிப் பெட்டி கட்டாயம். காலை பத்து மணிக்குள் வேலையை முடித்துவிடுங்கள். புற்றிலும் மரப்பொந்திலும் கைவிடக் கூடாது என்று மூன்று முறையாவது சொல்லுங்கள். இருபது பேருக்கு மேல் ஒரே நேரத்தில் உள்ளே விட வேண்டாம். நாங்கள் முதல் நாள் எல்லோரையும் விட்டு, நத்தை இருந்த ஈரத்தரையை மிதித்தே கெடுத்தோம். காவு இல்லாத ஊரில் குளக்கரை, சுடுகாட்டு ஓரம், பழைய தோப்பு எதுவானாலும் போதும்.

பிறகு நடந்தது

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பிள்ளைகள் நால்வர் வரைபடத்தோடு பேசினார்கள். 75க்கு 35 கணக்கைச் சொன்னது கோலி. காவைத் தொடுவதில்லை என்று முடிவானது. முற்றத்தின் ஒரு மூலையில் குவிந்துகிடந்த உடைந்த மேசைகளையும் பழைய கட்டட இடிபாட்டையும் அகற்றி, 27க்கு 16 மீட்டரில் கோ-கோ திடல் தயாரானது. மாலையில் முதல் ஒரு மணி நேரம் பெண்களுக்கு.

செவன்ஸ் திடலுக்குப் பிள்ளைகள் சொன்ன வழி எங்கள் மண்ணின் பழைய வழிதான். கும்பப்பூ அறுவடை முடிந்து, கன்னிப்பூவுக்கு உழும் வரை வயல் காய்ந்து கிடக்கும். அந்த இடைவெளியில் அதில் ஆடித்தான் நம் தாத்தாக்கள் கால்பந்து பழகினார்கள். கோடை விடுமுறையும் அப்போதுதான். ஒரு வயற்காரரிடம் கேட்டோம், சம்மதித்தார். அந்த ஏப்ரலில் நன்றாக ஆடினார்கள். அடுத்த ஆண்டு அவர் அந்த வயலில் வாழை வைத்துவிட்டார். நெல்லில் என்ன மிஞ்சுகிறது என்று அவர் கேட்டதற்கு நாங்கள் பதில் சொல்ல முடியாது.

கோலி இப்போது பத்தாம் வகுப்பு. நிலப் பதிவேட்டில் இருந்து அவன் குழு எடுத்துக் கொடுத்த, மரமும் நீரும் இல்லாத மூன்று புறம்போக்குத் துண்டுகளின் புல எண்களைக் குறிப்பிட்டு ஊராட்சிக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் மனு அனுப்பியிருக்கிறோம். அவற்றில் ஒன்றில் 60க்கு 40 அடங்குகிறது, அளந்து பார்த்துவிட்டார்கள். பதில் இன்னும் வரவில்லை. காவின் இலுப்பையைப் புதிய ஒன்பதாம் வகுப்பு இந்த மாதம் மறுபடி அளக்கிறது. சாயங்காலம் சைக்கிளை எடுக்கும்போது, "டீச்சர், கிரவுண்டு என்னாச்சு?" என்று அவன் தினமும் கேட்கிறான்.